வலிக்காத பல்

"எந்தப் பல்?" என்று பேராசிரியர் கேட்டபோதுதான், பொய்க்கும் ஒரு பல் வேண்டும் என்பது எலிக்காரனுக்கு உறைத்தது.

"கீழ... கடைசிப் பல் சார்."

"வலதா, இடதா?"

"வலது."

எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, பிறகு அதைக் குணப்படுத்தப் பார்ப்பது அவன் வேலை. அதனால் ஆய்வகத்தில் அந்தப் பெயர். டாக்டர் பட்டம் வாங்கிப் பல வருடம் ஆகியும் சம்பளச் சீட்டில் 'பயிற்சி ஆய்வாளர்' என்றே இருந்தது. காதோரம் நரைத்துவிட்டது, பயிற்சி முடியவில்லை. ஒப்பந்தமோ இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது பேராசிரியர் கையில்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒரு மருந்து கம்பெனியில் அவனுக்கு நேர்காணல். அதற்குத்தான் பல்வலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு கேட்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் வேலை வழிகாட்டுக் குழுவுக்குப் பேராசிரியர்தான் தலைவர். 'ஆய்வகத்துக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது' என்று வருடத்துக்கு ஒரு முறை மேடையில் உருகுவார். ஆனால் போன வருடம் ஒருத்தி கம்பெனி வேலைக்கு முயல்கிறாள் என்று தெரிந்த அன்றே, சுவரில் இருந்த குழுப் படத்தைக் கழற்றிவிட்டு அவள் இல்லாமல் வேறு எடுக்கச் சொன்னார். அவள் ஒப்பந்தமும் நீளவில்லை, கம்பெனி வேலையும் கிடைக்கவில்லை.

"பல்லோட விளையாடாதப்பா. என் டாக்டர்கிட்ட போ. நானே போன் பண்ணிச் சொல்றேன். நாளைக்குப் பத்து மணி."

வீட்டில் மனைவி ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"பல்வலி போயிடுச்சுன்னு சொல்லுங்க. வயித்து வலின்னு லீவு கேளுங்க. வயித்தை யாரும் டார்ச் அடிச்சுப் பாக்கமாட்டாங்க."

"நம்புவாரா?"

"நம்ப வையுங்க. இன்னொரு வருஷம் பயிற்சின்னு மட்டும் வந்து நிக்காதீங்க. 'மாப்ள படிச்சு முடிச்சாச்சா'ன்னு எங்க அண்ணன் கேக்குறான். அவன் பையனே முடிச்சுட்டான்."

காலையில் சட்டைக்கு டை கட்டி, அதன் மேல் ஆய்வகக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு பேராசிரியர் முன் நின்றான்.

"பல்வலி சுத்தமா நின்னுடுச்சு சார். வயிறுதான் கொஞ்சம்..."

பேராசிரியர் எழுந்தே விட்டார். "வலி திடீர்னு நின்னா நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம்! சீழ் உள்ள இறங்குது. வயிறு ஏன் வலிக்குதுன்னு நினைச்ச? கிளம்பு, என் கார்லயே போயிடலாம்."

"எலிகளுக்கு ஊசி போடணும் சார்..."

"நான் போட்டுக்கிறேன்."

அவர் எலியைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது. எலிக்காரன் அவர் பின்னால் கிளம்பினான். காரில் உட்கார்ந்து, நேர்காணலைக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கம்பெனிக்குத் திருட்டுத்தனமாகச் செய்தி தட்டினான். 'சரி' என்று பதில் வந்தது.

பல் மருத்துவர் சின்னக் கம்பியால் பல்லைத் தட்டினார். "வலிக்குதா?"

"இல்ல."

"செத்தே போச்சு," என்றார் பக்கத்தில் நின்ற பேராசிரியர்.

"லேசா வலிக்குது டாக்டர்," என்று அவசரமாக மாற்றினான்.

"பக்கத்துல பரவிடுச்சு," என்றார் பேராசிரியர்.

மருத்துவர் அவனைப் பார்த்தார். கோட்டுக் கழுத்தில் எட்டிப் பார்த்த டை முடிச்சைப் பார்த்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார். "எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க."

வாய்க்குள் கண்ணாடியும் கம்பியும் இருந்ததால் பல்லின் சொந்தக்காரனால் கருத்துச் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடிந்ததும் பேராசிரியர் அவன் தோளில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் முறை. "ரெஸ்ட் எடு. எலியை நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனிதரிடமா பொய் சொன்னோம் என்று அவன் வெட்கப்பட்டான்.

பதினொரு மணிக்கு, மருத்துவமனையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, பஞ்சைக் கடித்தபடி நேர்காணலுக்குத் தயாரானான். போன் திரையில் மூன்று முகங்கள்.

"உங்க ஆராய்ச்சியைச் சுருக்கமா சொல்லுங்க."

சொன்னான். மரத்துப்போன பாதி வாய் வார்த்தைகளை அதன் இஷ்டத்துக்கு உருட்டியது. எச்சில் சிவப்பாக டையில் இறங்கியது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் அதிகாரி ஒருத்தி. இன்னொருவர், "நாலு பேர் முன்னாடி தெளிவாப் பேசுறது இந்த வேலைக்கு ரொம்ப முக்கியம்," என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

முடிக்கும் முன் அந்த அதிகாரியே இரக்கப்பட்டாள். "கடைசி முடிவு எங்க கையில இல்ல. இந்தக் குழுவுக்குப் புதுத் தலைவர் அடுத்த மாசம் சேர்றார். உங்க துறை அவருக்கு அத்துப்படி. உங்க விண்ணப்பத்தைப் படிச்சுட்டார். நேர்காணல் என்னைக்குன்னுகூட கேட்டு வெச்சுக்கிட்டார்."

எலிக்காரனுக்கு உயிர் வந்தது. யாரோ ஒரு புது மனிதர். வாயைப் பார்க்கமாட்டார், வேலையைப் பார்ப்பார்.

போனை அணைத்தபோது, மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே படிக்கட்டுக்கு வந்தார். அவன் டையைப் பார்த்துச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்க தம்பி, இது ராசியான படிக்கட்டு. போன மாசம் உங்க பேராசிரியரை அவரோட துறைத்தலைவர் இப்படித்தான் கார்ல கூட்டிட்டு வந்து ஒரு நல்ல பல்லை எடுக்க வெச்சார். அவரும் கோட்டுக்குள்ள டை கட்டிக்கிட்டு இங்கதான் உக்காந்து பேசினார். அடுத்த மாசம் ஏதோ மருந்து கம்பெனியில குழுத் தலைவரா சேரப்போறாராமே!"