சண்முகவேல் சார் வீட்ல இருக்காரா?

ஒரு பொருளை அதன் விலைக்கே வாங்கிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இதை வியாதி என்று என் மனைவி செல்வி சொல்வாள். திறமை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற வருஷம் அப்பாவின் திதி வரைக்கும்.

நான் கோவில்பட்டியில் ஒரு எடைமேடையில் கணக்கெழுதுகிறவன். பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்றிய லாரிகள் வந்து ஏறும், இறங்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவில் எனக்கு ஒரே வேலைதான், செல்போனில் தள்ளுபடி தேடுவது. வாங்க நினைக்கும் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் நான்கு நாள் விட்டுவைப்பேன். கம்பெனிக்காரன் பொறுக்க முடியாமல் விலையைக் குறைப்பான். (குறைக்காவிட்டால் இன்னும் நான்கு நாள். ஒருமுறை இப்படி ஒரு ஸ்வெட்டருக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். அறுபது சதவீதம் தள்ளுபடி.)

எல்லாவற்றையும்விடப் பெரிய வேட்டை, புது வாடிக்கையாளருக்கான முந்நூறு ரூபாய் தள்ளுபடி. ஒரு போன் நம்பருக்கு ஒரு தடவைதான் தருவார்கள். என் நம்பரில் ஒரு மிக்ஸி வாங்கினேன். செல்வி நம்பரில் குக்கர். பத்தாவது படிக்கும் மகள் கயலின் நம்பரில் டேபிள் ஃபேன். அம்மாவின் நம்பரில், அம்மாவுக்கே தெரியாமல், எனக்கு ஒரு ஷூ.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் முதல் வருஷத் திதி வந்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏலே குமாரு, அவிய படம் ஒண்ணு பெருசாப் போட்டுக் கொண்டாந்துரு. மாலை போட்டுக் கும்பிட ஒரு படம் கூட இல்லாம எப்படிலே?"

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஊரையே பார்த்தவர், கேமராவை மட்டும் பார்க்க மாட்டார். இருந்தது வாக்காளர் அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தர ஸ்டூடியோவில் ஒரு விலை சொன்னார்கள். செல்போனில் பார்த்தேன், அதில் பாதி. முந்நூறு தள்ளுபடியும் கிடைத்தால் கிட்டத்தட்ட சும்மா. ஆனால் வீட்டில் உள்ள எல்லா நம்பரும் செலவாகிவிட்டதே என்று யோசித்தபோதுதான் பீரோவுக்குள்ளிருந்து ஒரு நம்பர் என்னைக் கூப்பிட்டது.

அப்பாவின் பட்டன் போன்.

அம்மா அதை அணையவிடவில்லை. வாரா வாரம் சார்ஜ் போட்டு, மாதா மாதம் என்னிடம் காசு கொடுத்து ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். "யாராச்சும் அவியளத் தேடிக் கூப்புட்டா, எடுக்க ஆள் வேண்டாமா?" என்பாள். ஒரு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தேன். சண்முகவேல் என்று அப்பா பெயரிலேயே கணக்குத் தொடங்கினேன். ஓடிபி வந்தது, போட்டேன், குறுஞ்செய்தியை அழித்தேன், போனை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். செத்துப்போனவரைப் புது வாடிக்கையாளர் ஆக்கிவிட்ட கூச்சம் எனக்குத் துளியும் இல்லை. முந்நூறு ரூபாய் மிச்சம் என்று அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

திதிக்கு மூன்று நாள் முன்பே வரவேண்டிய படம், வரவில்லை. "உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது" என்ற செய்தி மட்டும் தினமும் என் செல்போனில் வந்தது.

திதியன்று காலையில் வீடு நிறைய ஆட்கள். இடைசெவலிலிருந்து பார்வதி அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு மஞ்சப்பை உளுந்தோடு வந்திறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் படம் எங்கல?"

"வந்துக்கிட்டு இருக்கு அத்தை."

"எங்கிருந்து, காசியில இருந்தா?"

வேறு வழியில்லாமல் அந்த வாக்காளர் அட்டைப் படத்தையே சுவரில் சாய்த்து வைத்தோம். பெரிய படத்துக்கென்று வாங்கிய ரோஜா மாலையை அதற்குப் போட்டதும் அப்பாவைக் காணவில்லை. மாலை மட்டும்தான் இருந்தது. அம்மா இரண்டு ரோஜாவை விலக்கி, அப்பாவின் மூக்கு தெரிகிற மாதிரி செய்துவிட்டு, வாழை இலையில் சோறு வைக்கப் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டுப் படையலில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலைக்குப் பக்கத்தில் வைப்போம். வடை, அதிரசம், புது வேட்டி, மூக்குக் கண்ணாடி. கடைசியாக அம்மா பீரோவைத் திறந்து அந்தப் போனையும் கொண்டுவந்து வைத்தாள். சூடம் காட்டியாயிற்று. "எல்லாரும் மனசுக்குள்ள அவியளக் கூப்புடுங்க" என்றாள் அம்மா. எல்லோரும் கண்ணை மூடினோம்.

போன் அடித்தது.

நாதஸ்வர மெட்டு. காது மந்தமான அப்பா, தெருமுனை வரை கேட்கிற மாதிரி வைத்திருந்த சத்தம். வடைக்கும் வேட்டிக்கும் நடுவில் அது அதிர்ந்து நகர்ந்து அதிரசத்தில் போய் முட்டியது. பார்வதி அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். அந்த வீட்டில் பேயைக் கண்டவன் மாதிரி முழித்தவனும் நான் ஒருவன்தான்.

அம்மா நிதானமாகக் குனிந்து எடுத்தாள். ஸ்பீக்கர் எப்போதும் போட்டபடியேதான் இருக்கும்.

"சண்முகவேல் சாரா? பார்சல் வந்திருக்கு. வீட்ல இருக்கீயளா?"

அம்மா சுவரிலிருந்த மூக்கைப் பார்த்தாள்.

"இருக்காவ. வாங்க."

வீரமுள்ள மகன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். (நாற்பத்தெட்டு வயது. பட்டு வேட்டி. நெற்றியில் திருநீறு.) அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது.

பார்சல்காரர், எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்தவர், பைக்கில் மூட்டையோடு நின்றார். அம்மா வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் மொத்தச் சொந்தமும் வந்தது.

"யார் பேருல வந்திருக்குன்னு சொல்லுங்கம்மா."

"இந்த வீட்டுக்குத்தான்யா."

"பேரும் ஓடிபியும் சொன்னாத்தான் குடுக்க முடியும். இந்தப் பக்கம் பத்துப் பேருக்குப் போன் போட்டிருக்கேன், எந்த வீடு யாருதுன்னு தெரியல. நேத்து ஒரு பார்சல மாத்திக் குடுத்து நல்லா வாங்கிக் கட்டியிருக்கேன்."

மேலே எனக்கு வியர்த்தது. அம்மா அப்பாவின் பெயரை வாழ்நாளில் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்னைப் பார்ப்பாள்.

"திருச்செந்தூர்ல இருக்காருல்லா, அவரு பேரு" என்றாள்.

"முருகனா?"

"அவருக்கு எத்தன மொகம்?"

"ஆறுமுகமா? ஆறுமுகத்துக்கு ஒண்ணு இருக்கு, ஆனா அது கொசு பேட்டு. அடுத்த தெரு."

"அது இல்லய்யா. அதையே இன்னொரு மாதிரி சொல்லுவாவள்ளா? சொல்லிட்டு, அவரு கையில இருக்கதையும் சேத்துக்கோங்க."

அவர் யோசித்தார். "சேவலாம்மா?"

"அது கொடியில." கூட்டத்தில் சிரிப்பு வந்தது.

"மதினி, நான் சொல்லிருதேன்" என்று பார்வதி அத்தை முன்னால் வந்தாள். அம்மா கையை நீட்டி மறித்தாள்.

"இரு பார்வதி. என்னைத்தான கேக்காவ."

முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். யாரோ பெரியவர் முன்னால் வந்து நிற்கிற மாதிரி ஒரு நிலை.

"சண்முகவேல்."

தெருவில் லாரி ஒன்று போனது. "சரியாக் கேக்கலம்மா" என்றார் அவர், பாவம்.

"சண்முகவேல்" என்றாள் அம்மா, இந்தத் தடவை தெருமுனை வரை கேட்கிற மாதிரி.

கயல் போனைப் பார்த்து ஓடிபி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தை மூக்கைச் சிந்தினாள். தொட்டிக்குப் பின்னால் நானும் சிந்தினேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"ஏலே, கீழ இறங்கி வா. மாடியில காக்காவுக்குச் சோறு வைக்க இன்னும் நேரம் இருக்கு" என்றாள் அம்மா.

எல்லோர் முன்னாலும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஷூ உட்பட. பெட்டியைப் பிரித்தால் மேலே ஓர் அட்டை: "எங்கள் குடும்பத்திற்கு நல்வரவு, சண்முகவேல்! இது ஒரு நீண்ட பயணத்தின் தொடக்கம்." கயல் அதைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தாள்.

அடியில் அப்பா இருந்தார். பெரிதாக, தெளிவாக, கேமராவை முறைத்தபடி. மாலை அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அம்மா படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அவிய பேருல போட்டதுக்கு எவ்வளவுலே கொறச்சான்?"

"முந்நூறும்மா."

"கண்டக்டர்லா. எறங்குன பெறகும் மீதிச் சில்லறயக் குடுத்துட்டுல்லா போயிருக்காவ."

அத்தைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் வீடே சிரித்தது. திதி வீடா கல்யாண வீடா என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் போனுக்கு இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. "சண்முகவேல், உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. எங்கே போய்விட்டீர்கள்?" கயல் வாசித்துக் காட்டுவாள். "அவன்கிட்ட என்னத்தச் சொல்ல" என்று அம்மா சிரிப்பாள். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கிலிருந்து ஏதாவது வரவழைப்பாள். சீப்பு, வடிகட்டி, முட்டு வலித் தைலம். "தாத்தா ஆர்டர் போட்டிருக்காவ" என்று கயல் அறிவிப்பாள். அன்றைக்குப் பார்சல் கொண்டுவந்த அதே காதர் அண்ணாச்சிதான் இப்போதும் வருகிறார், அவருக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று "யார் பேருலம்மா?" என்று கேட்பார். அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு சொல்வாள்.

போன மாதம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அம்மா, புதுசா ஒரு சிம் வாங்கி உன் பேருலயே கணக்கு ஆரம்பிப்போம். மறுபடியும் முந்நூறு குறையும்" என்றேன்.

"போலே" என்றாள். "பெறகு அவிய பேரை நான் எங்கன போய்ச் சொல்ல?"

முந்நூறு ரூபாய் போனால் போகிறது என்று என் வாழ்க்கையில் நான் சொன்னது அந்த ஒருமுறைதான். செல்வி அதைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.