எங்கள் பாட்டன் மாடு கவர்ந்தது குறித்து

மதிப்பிற்குரிய செய்திமடல் ஆசிரியர் அவர்களுக்கு,

கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து விவசாயி ஈஸ்வரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலமாகத்தான் இருந்தோம், தங்கள் செய்திமடலின் போன இதழ் வரும் வரைக்கும்.

தங்கள் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் தேன்மொழி என் ஒரே மகள். ‘பேராசிரியர் சாதனைகள்’ பகுதியில் அவளைப் பற்றி ஐந்து வரி போட்டிருந்தீர்கள். வாழவந்தி நாட்டு நடுகல்லின் எழுத்துகளை முழுமையாகப் படித்து, அது மாடு கவரச் சென்று இறந்தவனுக்கு நட்ட கல் என்று நிறுவியதற்காகக் கருத்தரங்கில் சிறந்த கட்டுரைப் பரிசு பெற்றாள் என்று இருந்தது. அதே பக்கத்தில் தத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர் மலேசியா போய்க் கட்டுரை வாசித்திருக்கிறார், இசைத் துறை அம்மையார் ஒருவர் புத்தகம் வெளியிட்டிருக்கிறார். அவர்கள் சாதனையால் எந்த ஊரிலும் கல்யாணம் நின்றதாகத் தெரியவில்லை.

அந்தக் கல் என் மிளகுத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வகையறா வருடம் தவறாமல் ஆடியில் அதற்குப் பொங்கல் வைக்கிறோம். களவு போன மாடுகளை மீட்கப் போய் உயிரைவிட்ட பாட்டன் என்றுதான் எங்களுக்குத் தெரியும். தேன்மொழி இரண்டு வருடமாக விடுமுறைக்கெல்லாம் வந்து கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்துப் போனாள். நானும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

அந்தப் பக்கத்தை யாரோ படம் பிடித்து எங்கள் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். பதினொரு பேர் படிக்காமலே வாழ்த்துச் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் படித்துவிட்டார். அவர் என் சொந்தத் தம்பி குழந்தைசாமி. அவன் மகள் கோகிலாவுக்கு வரன் பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். வரனின் அப்பா கதிரேசன் மாட்டு வியாபாரி. பெண் பார்க்க வந்த அன்று, மாடு மீட்ட பாட்டனைப் பற்றி என் தம்பி அவரிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறான்.

“ஏனுங்கண்ணா, இத்தன பெரிய மலைல இவளுக்குப் படிக்க நம்ம கல்லுத்தான் கெடச்சுதா? மாட்டு யாவாரி ஊட்டுக்குத் திருடன் வகையறாவுல இருந்து பொண்ணு எடுப்பாங்களா?” என்று வாசலிலேயே கத்தினான். கதிரேசனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒன்பது நாளாக எடுக்கவில்லை. கோகிலா சாப்பிடாமல் இருக்கிறாள். என் மனைவி பாப்பாத்தியோ, “அந்த மனுசன் மாடு புடிக்கப் போயி கல்லு வாங்குனாரு. நீங்க அண்ணனும் தம்பியும் உசுரோட இருந்து என்ன வாங்குனீங்க?” என்கிறாள். 

போன சனிக்கிழமை தேன்மொழியை வரவழைத்தோம். வகையறா மொத்தமும் கல்லைச் சுற்றி உட்கார்ந்தது. என் தம்பி குரலை இறக்கி, “அச்சுப் பிழைன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிரு கண்ணு. சித்தப்பனுக்காக” என்றான்.

அவள் கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து விரலால் தொட்டுக் காட்டினாள். “சித்தப்பா, ‘தொறு’ன்னா மாட்டு மந்தைங்க. ‘தொறு மீட்டு பட்டான்’னு இருந்தா மீட்கப் போயிச் செத்தாருன்னு அர்த்தம். இங்க ‘தொறு கொண்டு பட்டான்’னு வெட்டியிருக்குது. கவரப் போயிச் செத்தாரு. அந்தக் காலத்துல அதுவும் போருங்க, திருட்டில்ல. அதுக்கும் கல்லு நட்டுக் கும்பிட்டிருக்காங்க.”

“அத நீ கதிரேசங்கிட்டப் போயிச் சொல்லு,” என்று என் தம்பி எழுந்து போய்விட்டான். வகையறாவும் போய்விட்டது. யாரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “ஒரு சொல்லுத்தான சாமி, மாத்தினா என்ன?” அவள் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க கேட்டா எழுதிக் குடுத்தர்றனுங்கப்பா. அதுக்கப்பறம் நான் படிச்ச எந்தக் கல்லையும் யாரும் நம்ப வேண்டாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் வளைவு திரும்பி மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

இருந்தாலும் ஒரு பெண்ணின் கல்யாணம் அல்லவா. ஆகவே அவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அடுத்த இதழில் ஒரு மூலையில், ‘கவரச் சென்று’ என்பதை ‘மீட்கச் சென்று’ என்று திருத்திப் படிக்கவும் என்று போட்டால் போதும். பழியைத் தட்டச்சு செய்தவர் மேல் போட்டுவிடலாம். அவருக்கு எங்கள் வீட்டு மிளகு கொஞ்சம் அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் செய்திமடல் செழித்து வளரவும், தங்கள் பேராசிரியர்கள் மேலும் பல சாதனைகள் புரியவும், அவை எங்கள் மலையிலிருந்து மிகத் தொலைவான ஊர்களைப் பற்றியவையாக இருக்கவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் புறப்பட்டவன், மனசு கேட்காமல் கல்லிடம் போனேன். தேன்மொழி வீட்டில் விட்டுப்போன எழுத்து அட்டவணையை வைத்து நானே ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். ‘தொறு’வுக்கு அடுத்த சொல்லின் முதல் எழுத்து தேய்ந்திருக்கிறது. இரண்டாவது எழுத்து ‘ண’. சந்தேகமே இல்லை. ‘மீட்டு’ என்ற சொல்லில் ‘ண’ எங்கிருந்து வரும்?

நான் அங்கே நிற்கும்போதே, நிச்சய விஷயம் பேச மலையேறி வந்த கதிரேசன் என்னைக் கண்டு வண்டியை விட்டு இறங்கினார். அவர் போன் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒன்பது நாளாகிறதாம். நானே விஷயத்தைச் சொன்னேன். கல்லை நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்க காட்டுலயும் ஒண்ணு கெடக்குதுங்க. உங்க பொண்ணு வந்து படிச்சுச் சொல்லுமுங்களா? என்னவா இருந்தாலும் பரவால்லீங்க” என்றார். நிச்சயம் குறித்த நாளில்தான்.

ஆகவே மேலே கேட்டது எதையும் போட வேண்டாம். தட்டச்சு செய்தவரையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் அவசியம். ‘எம். தேன்மொழி’ என்று அச்சாகியிருக்கிறது. அது ‘ஈ. தேன்மொழி’. ‘ஈ’ என்றால் ஈஸ்வரமூர்த்தி. கொஞ்சம் பெரிய எழுத்தாகவே போடுங்கள்.