இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம்

ஓஸ்மோ இடது இண்டிகேட்டரைப் போட்டான். காரிலிருந்து இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். காரில் இடது விளக்கு சிமிட்டியது. ட்ரெய்லரில் வலது விளக்கு சிமிட்டியது.

மறுபடி ஏறி வலது இண்டிகேட்டரைப் போட்டான். இறங்கி வந்தான். காரில் வலது. ட்ரெய்லரில் இடது.

கார் ஒரு பக்கம் திரும்புகிறேன் என்றது. ட்ரெய்லர், நீ போ, நான் இந்தப் பக்கம் போகிறேன் என்றது.

மறுநாள் யூஹன்னுஸ் பண்டிகை. நடுக்கோடை விழாவுக்காகக் குவோப்பியோ நகரமே ஏரிக்கரைக்குக் கிளம்பிப் போயிருந்தது. குடியிருப்பின் முற்றத்தில் ஓஸ்மோவின் கார் மட்டும் ட்ரெய்லரோடு நின்றது. ட்ரெய்லரில் ஒரு புதிய துடுப்புப் படகு கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது.

அந்தப் படகுக்காக ஒரு தீவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி ஓஸ்மோவின் மனைவி சிர்க்கா. இன்னொருவர் அவள் அம்மா. நேற்று சிர்க்காவின் தம்பி தன் மோட்டார் படகில் இருவரையும் தீவிலுள்ள கோடை வீட்டில் இறக்கிவிட்டு, நண்பர்களோடு எங்கோ போய்விட்டான். தீவில் காபித்தூள் இருந்தது. சாஸேஜ், உருளைக்கிழங்கு, மீன், கொசு மருந்து எல்லாம் ஓஸ்மோவின் காரில் இருந்தன.

காருக்கு இழுவைக் கொக்கியை ஓஸ்மோ தானே மாட்டியிருந்தான். "நாலு போல்ட், ஏழு ஒயர். இதுக்கு எதுக்கு மெக்கானிக்?" என்று மாமியார் எதிரிலேயே சொல்லியிருந்தான். மூன்று சாயங்காலம் ஆயிற்று. பம்பரைத் திரும்ப மாட்டியபோது இரண்டு கிளிப்புகள் மிஞ்சின. அவற்றை யாரும் பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கொக்கி கெட்டியாகத்தான் இருந்தது. ஒயர்தான் இப்படி.

மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டர், பச்சை வலது. ட்ரெய்லரின் பிளக்கைச் செருகும் கார் சாக்கெட்டில் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டான் போலிருக்கிறது. திருத்த ஒரு நிமிட வேலை. ஆனால் மணி ஒன்பதாகியிருந்தது. ஒன்பது மணிக்குக் காபி. காபியை நின்றுகொண்டு குடிப்பது அவன் குடும்பத்தில் வழக்கமில்லை. ஓஸ்மோ உள்ளே போய், பின்பக்கச் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு ஏலக்காய் பன்னோடு நிதானமாகக் குடித்தான்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ரைமோ குப்பைப் பையோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார். ஓஸ்மோ தலையசைத்தான். அவரும் தலையசைத்தார். ஆறு வருடமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள். இதுவரை பேசியது நாலைந்து வார்த்தை இருக்கும். எல்லாமே பனியைப் பற்றி.

ஓஸ்மோ மஞ்சளையும் பச்சையையும் இடம் மாற்றினான். ஏறினான். இடது இண்டிகேட்டரைப் போட்டான். இறங்கிப் பார்த்தான்.

ட்ரெய்லரில் வலது விளக்கு சிமிட்டியது.

கைபேசி அடித்தது.

"எங்க இருக்கே?" என்றாள் சிர்க்கா.

"கிளம்பிட்ட மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"கார்லதான் உக்காந்திருக்கேன்."

"ஓடுற கார்லயா, நிக்கிற கார்லயா?"

ஓஸ்மோ விஷயத்தைச் சொன்னான்.

"மாத்திப் போட்டும் மாறலையா? அது எப்படி?"

"அதான் எனக்கும் புரியலை."

"ரைமோ வீட்டுல இருப்பாரே, அவரைக் கொஞ்சம் கூப்பிடேன்."

"லீவு நாள்ல போய் ஒரு மனுஷனை எப்படித் தொந்தரவு பண்றது?"

"சரி, அப்ப நாங்க இங்கேயே குடியிருந்துடறோம். அம்மா ஏதோ சொல்றாங்க, இரு." தூரத்தில் மாமியாரின் குரல் கேட்டது. "நாலு போல்ட்டு, ஏழு ஒயரு, இன்னும் எத்தனை நாளுன்னு கேக்கறாங்க."

ஓஸ்மோ ரைமோவின் ஜன்னலைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் ஓர் உருவம் நின்றது. பிறகு நிற்கவில்லை. வேடிக்கை பார்க்கிறார், என்று நினைத்துக்கொண்டான். காது சூடாயிற்று.

செய்முறைத் தாளைப் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமென்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் காபி. இரண்டாவது கோப்பையோடு தாளை மூன்று முறை படித்தான். மஞ்சள் இடது, பச்சை வலது. அப்படித்தான் மாட்டியிருக்கிறான். அப்படியும் தப்பாக எரிகிறது என்றால், தாள்தான் தப்பு. முன்னே இருந்த மாதிரியே திருப்பிப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தான்.

வெளியே ரைமோ குப்பைப் பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். அதே பை மாதிரி இருந்தது. தலையசைத்தார். ஓஸ்மோவும் அசைத்தான். ஒண்டிக்கட்டை மனிதருக்கு எவ்வளவு குப்பை, என்று தோன்றியது.

இன்னொன்றும் தோன்றியது. அவன் ஸ்க்ரூடிரைவரைப் புல்லில்தான் போட்டுவிட்டுப் போனான். இப்போது அது பெட்டிக்குள் ஒழுங்காக இருந்தது. தான் வைத்தது தனக்கே நினைவில்லை. தலை சரியில்லை, வேறென்ன.

ஒயர்களைத் திருப்பிப் போட்டான். இடது இண்டிகேட்டர்.

ட்ரெய்லரில் வலது.

ஓஸ்மோவுக்கு இப்போது ஒயரின்மேல் சந்தேகம் போய், தன்மேல் வந்தது. எது இடது? முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இது இடது. பின்னால் போய்ப் பார்த்தால்? அதுவும் இதே பக்கம்தானே? வலது கால் ஷூவைக் கழற்றி, அந்தக் காலுறையை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டான். இது இடது. காலுறைப் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டான். இறங்கிக் காலுறைக் கையை நீட்டிப் பார்த்தான். காலுறை இல்லாத பக்கம் எரிந்தது.

தூறல் ஆரம்பித்தது. மறுபடி கைபேசி.

"மணி பதினொண்ணு," என்றாள் சிர்க்கா.

"என் கையில காலுறை இருக்கு," என்றான் ஓஸ்மோ.



"வெறும் வயித்துல இருக்கியா?"

"இல்லை. ரெண்டு காபி குடிச்சேன்."

"ஓஸ்மோ, விளக்கே வேணாம், அப்படியே ஓட்டிட்டு வா."

"இன்னைக்கு ஹைவேயில போலீஸ் நிக்காத வளைவே இருக்காது. இடது பக்கம் திரும்பறேன்னு நான் சொல்ல, வலது பக்கம்னு படகு சொல்ல, பின்னாடி வர்றவன் எதை நம்புவான்?"

"படகை நம்பட்டும். உன்னை நம்பி நாங்க இருக்கற கதியைப் பார்த்தியா?"

அந்த வெறுப்பில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தாளில் இருந்த படம் சாக்கெட்டின் முன்பக்கமா, ஒயர் மாட்டும் பின்பக்கமா? பின்பக்கம் என்றால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ்! கண்டுபிடித்துவிட்டான். வெள்ளை ஒயர் எர்த், அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் கண்ணாடிக் கணக்கில் மாற்றினான். தாள் நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டது.

பிரேக்கைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஓஸ்மோ கிடங்கிலிருந்து பனிச்சறுக்குக் கோல் ஒன்றைக் கொண்டுவந்து, சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக் கொடுத்தான். பின்னால் போய்ப் பார்த்தான். பிரேக்குக்கு இடது இண்டிகேட்டர் எரிந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சிமிட்டின.

மூன்றாவது காபியை ஊற்றிக்கொண்டான். சிர்க்காவை அவனே அழைத்தான்.

"இன்னும் மோசமாயிடுச்சு."

"நீ யோசிச்சியா?"

"ஆமா."

"அதான். யோசிக்காதே. தாள்ல என்ன இருக்கோ அதை அப்படியே மாட்டு. ஒவ்வொரு ஒயரா. பேர் சொல்லி மாட்டு. நிதானமாப் பண்ணு, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

நிதானமாகவே பண்ணினான். இன்னொரு பன் சாப்பிட்டு, முகம் கழுவி, அரை மணி கழித்து வெளியே வந்தான். ரைமோ மழைக்கோட்டில் குப்பைப் பையோடு போய்க்கொண்டிருந்தார். முழங்காலில் ஈரம், புல் ஒட்டியிருந்தது. குப்பைத் தொட்டி அருகே வழுக்கி விழுந்திருப்பார் பாவம், என்று நினைத்தான். அடி பட்டதா என்று கேட்க நினைத்தான். அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று தலையை மட்டும் அசைத்தான்.

ஆறு ஒயரையும் கழற்றினான். "மஞ்சள், இடது. நீலம், பனிமூட்ட விளக்கு. பச்சை, வலது. பழுப்பு. சிவப்பு. கறுப்பு." ஜெபம் மாதிரி சொல்லிச் சொல்லித் தாளில் உள்ளபடி மாட்டினான். கோலை முட்டுக் கொடுத்தான். பின்னால் போனான்.

பிரேக்குக்கு இடது இண்டிகேட்டர் எரிந்தது.

ஓஸ்மோ ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கண்ணுக்கு நேரே ட்ரெய்லரின் பக்கப்பலகை. அதில் குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது: *இது பொதுச் சொத்து. பழுதைக் காண்பவர் சரிசெய்து வைக்கவும்.* பழுது ட்ரெய்லரில் இல்லையே, என்று நினைத்தான். போன வாரம்கூட மூன்றாம் வீட்டுக்காரர் இதில் சோபா ஏற்றிப் போனார். பழுது தன்னிடம்தான்.

உள்ளே போனான். நாலாவது கோப்பையை ஊற்றிக்கொண்டு சிர்க்காவை அழைத்தான்.

"நான் வரலை," என்றான்.

"என்னது?"

"என்னால முடியாது. எந்த ஒயரை எங்க மாட்டினாலும் தப்பாவே எரியுது. உன் தம்பியைத் தேடிப் பிடிச்சு அனுப்பறேன். அம்மாகிட்ட சொல்லிடு. நாலு போல்ட்டு ஏழு ஒயருன்னு சொன்னது என் தப்புதான்."

மாமியாரின் குரல் இந்த முறை பக்கத்திலேயே கேட்டது. "மாப்பிள்ளை, அழுவுறீங்களா?"

"இல்லைங்க. காபி சூடு."

"சரி சரி. போய் இன்னும் ஒரே ஒரு தடவை மாத்திப் பாருங்க. நாங்க காபியே குடிச்சுக்கறோம்."

அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. கோப்பையைக் கழுவி வைத்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு தடவை.

வெளியே வந்தபோது ரைமோ குப்பைத் தொட்டிப் பக்கம் போகவில்லை. ட்ரெய்லருக்கும் காருக்கும் நடுவே நின்றார். ஒரு கையில் அதே குப்பைப் பை. அது நனைந்து கிழிந்திருந்தது. உள்ளே குப்பை எதுவும் இல்லை, ஒரு டார்ச்சும் குறடும் இருந்தன. அவர் ஓஸ்மோவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அடுத்தவர் காரைக் கேக்காம தொடக் கூடாதுன்னு, நீங்க காபிக்குப் போனப்பல்லாம் ட்ரெய்லர் பிளக்கைத்தான் உங்க காருக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சேன், இது நாலாவது தடவை, தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது எதையும் தொடாம கிளம்புங்க."