வெந்நீரில் கலக்கிய பூச்சிமருந்து

அதிகம் படித்தவர்கள் கையில் பூச்சிமருந்தைக் கொடுக்கக் கூடாது. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நீலகிரி மலையில், எமரால்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் துண்டு நிலத்தில் சோயா போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். அறுவடையானதும் சோயாப் பாலைத் திரித்து, பனீர் மாதிரி டோஃபு செய்து குன்னூர் பங்களாக்காரர்களுக்கு விற்பதாகத் திட்டம். (டோஃபுவை அதுவரை யூடியூபில்தான் பார்த்திருந்தேன்.)

"ஏம்புள்ள, கேரட் வெளையற எடத்துல சோயாவா?" என்றார் கணவர்.

என் மாமியார் குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொன்னார். "ஒரு போகம் போடட்டும் உடு. வந்தா அந்த நெலம் இனி அவ காடு. வரலீன்னா மறுக்கா கேரட்டுத்தான்."

செடி பூத்த நேரத்தில் புழு வந்தது. காலையில் இலையாக இருந்தது மாலையில் வெறும் நரம்பாக நின்றது. கூடவே இலைப்புள்ளி நோய் வேறு. கணவரும் மாமியாரும் கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் என் காட்டைக் காப்பாற்றிக் காட்டிவிட வேண்டும் என்று மருந்துக்கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் புழுவுக்கு ஒரு பாட்டிலும் புள்ளிக்கு ஒரு பவுடரும் கொடுத்தார். "தனித்தனியா அடிச்சுருங்க அக்கா. சேத்தித்தான் அடிக்கோணும்னா, மொதல்ல சின்ன டப்பாவுல கொஞ்சமாக் கலக்கிப் பாருங்க. திரிஞ்சுதுன்னா அடிக்காதீங்க."

யாரிடம் சொல்கிறார் என்று ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒரே மூடுபனி. கையுறை, முகமூடி, கணவரின் ரெயின்கோட் எல்லாம் ஒழுங்காகத்தான் மாட்டிக்கொண்டேன். ஆனால் குழாய்த் தண்ணீர் கையுறையையும் தாண்டி எலும்பைக் கடித்தது. இந்த ஊரில் குளிர்ந்தால் என்ன செய்வோம்? பாய்லர் வெந்நீரைக் குளியல் பக்கெட்டில் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். பாட்டிலை ஊற்றி, அதன் தலையில் பவுடரைக் கொட்டிக் கலக்கினேன்.

திரிந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மேலே வந்து நின்றன. யூடியூபில் பார்த்த அதே டோஃபு!

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கணவரின் வேட்டியில் வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றினேன். (வேட்டியின் கதி பற்றிக் கேட்காதீர்கள்.) நாலு வரிசை அடிப்பதற்குள் தெளிப்பான் அடைத்துக்கொண்டது, மழையும் பிடித்துக்கொண்டது. அடித்த வரிசைகள் கருகின, அடிக்காதவற்றைப் புழு தின்று தீர்த்தது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் காடு போய்விட்டது.

ஊரிலிருந்து வந்த கணவர் நேராக வாசலில் கிடந்த பக்கெட்டிடம் போனார். யாரும் தெரியாமல் குளிக்க எடுத்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கெட்டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவலீல்ல?" என்று மட்டும் கேட்டார் மாமியார். அதற்கும் அழுதேன்.

இப்போது அங்கே கேரட்தான். வீட்டுக்கு வருபவர்கள் யாராவது, "சோயா போட்டீங்களாமே, டோஃபு வந்துச்சுங்களா?" என்று ஆரம்பித்தால் நான் சமையலறைக்குள் ஓடிவிடுவேன். மாமியாரின் குரல் விடாமல் பின்னாலேயே வரும்.

"வராம என்னங்க? காய் புடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்கெட்டு வந்துச்சு!"