மாதாவுக்கு நாற்பத்தெட்டு கிலோ

மே தினத்துக்கு மில் லீவு என்று தெரிந்த அன்றே மரியஜோசப் ஒரு மகத்தான தீர்மானத்துக்கு வந்துவிட்டான். கோவளத்திலிருந்து மகாபலிபுரம் வரைக்கும் கடலோரமாகவே போகும் பாதையில், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் அலை என்று, ஹேண்டில்பாரில் கை படாமல் சைக்கிள் விட வேண்டும். கூட சைக்கிளில் வரும் மில் கூட்டாளிகள் ஐந்து பேரும் வாயைப் பிளக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் அரிசி மில்லில் அவன் எடை போடுகிறவன். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் கிலோ சொல்வான். அரைக் கிலோ பிசகினால் மீசையை எடுத்துவிடுவதாக ஊரறியச் சவால். இந்த எழுபத்து நாலாம் வருஷம் வரைக்கும் மீசைக்கு ஒரு சேதமும் இல்லை.

இருந்த ஒரே சிக்கல், அவன் மனைவி கிளாரா. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை முறுக்கில், உன்னை சைக்கிளில் வைத்துக் கடலைக் காட்டுகிறேன் என்று வாய் விட்டிருந்தான். ஆறு வருஷமாயிற்று. அவன் மறந்தே போனான். அவளோ அந்தப் பேச்சை வெங்கலப் பாத்திரம் மாதிரி துலக்கித் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தாள்.

பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு கையை விட்டு ஓட்ட முடியுமா? ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபடி, கேரியர் கம்பியில் விரிசல் கண்டிருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"மனுசங்க ஏறினா ஆடுவாங்க, அசைவாங்க. படக்குனு வுட்டுக்கும். நடுரோட்டுல நீ வுழுந்தா என் மனசு தாங்குமா?"

கிளாரா குழம்பை ஊற்றினாள். "அப்ப அசையாத எதை வெச்சாலும் தாங்குமா?"

"மூட்டை கீட்டைன்னா தாங்கும்."

இதைச் சொல்லும்போது அவன் கவனமெல்லாம் மீன் முள்ளில் இருந்தது. அதைவிடப் பெரிய முள்ளை அப்போதுதான் விழுங்கியிருந்தான்.

நல்லதாப் போச்சு என்றாள் கிளாரா. போன வருஷம் அவன் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கோவளம் மாதாவுக்கு அரிசி நேர்ந்துகொண்டாளாம். சுகமானவரே சுமந்து வந்து வைக்க வேண்டும் என்பது வேண்டுதலாம். நாற்பத்தெட்டு கிலோ.

அது என்ன கணக்கு, ஐம்பதாக வைக்கக் கூடாதா என்றான் எடைக்காரன்.

"இப்போதைக்கு அது போதும்."

மாதா காரியம். மறுத்தால் காமாலை திரும்பி வந்து கண்ணில் உட்காரும். மறுநாள் அவனே மில் தராசில் ஒரு மணி கூடாமல் குறையாமல் நிறுத்து, அவனே மூட்டையைத் தைத்தான்.

மே தினத்து விடிகாலையில் அவர்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஆறு சைக்கிள் கிளம்பியது. ஒரகடம் தாண்டும்போது ஐந்துதான் ஒன்றாகப் போனது. வண்டலூரில் மற்றவர்கள் டீ குடித்து, பீடி பிடித்து, டீக்கடைக்காரரின் மாமியார் ஊர் வரைக்கும் விசாரித்து முடித்தபோது இவன் போய்ச் சேர்ந்தான். கேளம்பாக்கத்து உப்பளக் காற்று எதிரே நின்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. மூட்டையை இறக்கிவிட்டால் சைக்கிள் பஞ்சு, அப்புறம் நம் கை எங்கே, ஹேண்டில்பார் எங்கே என்று தன்னையே தேற்றிக்கொண்டு மிதித்தான்.

கோவளம் கோயில் வாசலில், முன்னமே வந்து சேர்ந்திருந்த ஐந்து பேரோடு கிளாரா நின்றிருந்தாள். கிறிஸ்துமஸ் புடவை, தலை நிறையப் பூ, கையில் டிபன் கேரியர். முதல் பஸ்ஸைப் பிடித்துத் தாம்பரம் வழியாக வந்துவிட்டாளாம். வேண்டுதலைச் செலுத்தும்போது வேண்டிக்கொண்டவள் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

கோயில்பிள்ளை மூட்டையை உள்ளே கொண்டுபோனார். மரியஜோசப் அரை நொடி தாமதிக்கவில்லை. பஸ்ஸில் பத்திரமாகப் போய்ச் சேர் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினான்.

கிளாரா சைக்கிள் கேரியரைத் தடவிப் பார்த்தாள். "ஒடையலையே."

"எப்படி அண்ணி ஒடையும்?" என்றான் மில்லில் மரியஜோசப்பின் கையாள் முனிரத்தினம். "உங்க எடைதான அது? போன வாரம் நெல்லு அரைக்க வந்தப்ப நான்தான போட்டேன். நாப்பத்தெட்டு. தராசு மேல கல்லு மாதிரி அசையாம நின்னீங்க."

ஐந்து பேரின் பார்வையும் ஒரே நேரத்தில் மரியஜோசப்பின் மீசைக்குப் போனது. மூட்டையின் எடையெல்லாம் தெரிந்தவன், சொந்த வீட்டு எடையைத் தெரியாமல் முப்பது மைல் மிதித்திருக்கிறான்.

"சைக்கிள்லயும் அசைய மாட்டேன்" என்றபடி கிளாரா கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

கடலோரப் பாதையில் முனிரத்தினம் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். மரியஜோசப் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தான். சவுக்குத் தோப்பு விலகும் இடமெல்லாம் கடல் நீலமாய் வந்து வந்து நின்றது. கிளாரா பேசவே இல்லை. ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவனுக்கும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது. முதுகு மட்டும் வேர்த்தது.

"எப்படியோ, நேர்ந்துகினது முடிஞ்சிச்சு" என்றான்.

"எங்க முடிஞ்சிச்சு? காமாலை வந்து பொழைச்சது நீங்க. நேர்ந்துகினது உங்க எடைக்கு எடை, அறுபத்தெட்டு. இன்னும் இருவது கிலோ கீது. அடுத்த மாசம் வரணும்."

அவன் மிதிப்பதை நிறுத்தி, கடைசித் தடவையாக ஒரு முயற்சி செய்தான். "ரெண்டாந்தபா மூட்டை ஏத்தினா கேரியர் தாங்காது கிளாரா."

"மூட்டைய முன்னால பார்ல கட்டிக்கோங்க. கேரியர்ல நான் இருப்பேன் இல்ல?"