பதினொரு பயிரைப் பிடுங்கியவன் எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், சுகமாக இல்லாத உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், அத்தான் நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவையுங்கள். இரண்டும் பொய்.

நான் இங்கே வந்த காரணம் உங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த என் மகள், பழைய நெல் ரகங்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஒரு வருட விடுப்பில் இந்தப் பண்ணைக்கு வந்தாள். விடுப்பு முடியப்போகிறது. நாலு நாள் கூடத் தங்கி, நயமாகப் பேசி, கையோடு கூட்டிவந்துவிடுங்கள் என்று யோசனை சொன்னது நீங்கள்தான். உங்கள் யோசனையைக் கேட்டு நான் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாம் விதைநெல், ஆளுக்கொரு ஜாடியில். அறையிலிருந்த ஒரே கட்டிலில் புதிதாக வந்த விதை காய்ந்துகொண்டிருந்ததால் நான் கீழே படுத்தேன். காற்றில் ரகங்கள் பறந்து கலந்துவிடும் என்று மின்விசிறியைப் போட விடவில்லை. குளித்த தண்ணீர் வயலுக்குப் போகிறது என்று என் சோப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் போட்டது சிவப்பரிசி. காலையில் மெல்லத் தொடங்கியதை மதியம்தான் விழுங்கி முடித்தேன், அதற்குள் மதியச் சாப்பாடு தயார். வயலில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போவதற்குள் காலைக் கழுவ வேண்டும், கால்சட்டை மடிப்பை உதற வேண்டும், இல்லையென்றால் ஒரு ரகத்தின் மணி இன்னொன்றோடு போய்ச் சேர்ந்துவிடுமாம். வயலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் என் மடிப்பை உதறச் சொல்லி நின்று பார்த்ததைப் போல விமான நிலையத்தில்கூட என்னை யாரும் சோதித்ததில்லை.

இதெல்லாம் போகட்டும், மாப்பிள்ளை. நடந்த விபரீதத்தைக் கேளுங்கள். ஒரே ரகம் விதைத்த பாத்தியில் வேறு ஜாதிப் பயிர் ஒன்றிரண்டு முளைத்திருக்கும், அதற்குக் கலவன் என்று பெயர், அதைப் பிடுங்கிவிட்டால்தான் விதை சுத்தமாக இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேலையை மகளே கொடுத்தாள், இரண்டு பாத்தி மட்டும் பாருங்கள் என்று. பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஓடுகிற பட்டையின் முன்னால் உட்கார்ந்து, கோணலும் கருகலும் பொறுக்கிப்போட்டவன் நான். வரிசையில் ஒன்று மாறி நின்றால் என்னைக் கேட்காமலே என் கை போய்விடும். அரை மணியில் இரண்டு பாத்தியும் முடிந்தன. அந்த அம்மாளே, “உங்க கண்ணு கண்ணுய்யா” என்றாள். முப்பத்தொரு வருடத்தில் என் மேலாளர் சொல்லாத வார்த்தை. தலைகால் புரியாமல், யாரையும் கேட்காமல் மூன்றாவது பாத்திக்குள்ளும் இறங்கிவிட்டேன். எல்லாம் பச்சையாக, உயரமாக நிற்க, நடுவில் அங்கங்கே ஊதா இலையோடு குட்டையாகப் பதினொன்று. ஒன்று விடாமல் பிடுங்கி வரப்பில் வீசினேன்.

மாலையில் மகள் வந்து பார்த்தாள். யாரோ ஒருவர் பழைய சாக்கின் அடியிலிருந்து தட்டிக் கொடுத்த கலப்பு விதையாம் அந்தப் பாத்தியில். உயரமாக நின்றதெல்லாம் ஊரெங்கும் கிடைக்கிற சாதாரண நெல். அந்தப் பதினொன்றுதான் ரகம். வேறு யாரிடமும் அது இல்லை.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வரப்பில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள்: “இது விளைஞ்சதும் விதையை இவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வேலைக்குத் திரும்பிடலாம்னு இருந்தேம்பா. மூணு மாசம் பொறுங்கன்னு ஆபீசுக்கும் எழுதினேன், சரின்னுட்டாங்க. இப்போ இதை இப்படி விட்டுட்டு நான் எப்படிப்பா வர்றது?”

புரிகிறதா, மாப்பிள்ளை? வருவதாக இருந்தவளை என் கையாலேயே வராமல் ஆக்கிவிட்டேன். நாலு நாளாக அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெங்காயம் நறுக்குவதாகச் சொல்லிச் சமாளித்தேன். சனிக்கிழமை உங்கள் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னை மட்டுமாவது கூட்டிப்போய்விடுங்கள். உங்கள் அக்காவிடம் என்ன சொல்வது என்பதை வழியில் நீங்களே யோசியுங்கள், இந்த வம்பைத் தொடங்கி வைத்தவர் நீங்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாருடைய யோசனையையும் கேட்காமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் அத்தான்

பி.கு.: தபால் பெட்டி தொலைவில் இருப்பதால் இந்தக் கடிதம் ஐந்து நாள் என் பையிலேயே கிடந்துவிட்டது. சனிக்கிழமை வர வேண்டாம். வரப்பில் கிடந்ததை, பிடுங்கிய அன்று மாலையே, பிழைக்காது என்ற நினைப்போடுதான் சேற்றில் திரும்ப ஊன்றியிருந்தோம். எட்டு போய்விட்டன, மூன்று பிழைத்து ஊதாவில் புது இலை விட்டிருக்கின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டியதே நான்தான். மூன்று பயிரின் மணி ஒரு கைப்பிடி தேறாது, இன்னும் இரண்டு போகமாவது விளைவித்தால்தான் விதை என்று சொல்ல முடியும். ஆகவே என் குடையையும் நாலு பழைய சட்டையையும் அனுப்பிவையுங்கள். அவள் ஆபீசிலிருந்து போன் வந்தால், அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை என்று வைத்துவிடுங்கள்.