பாரபட்சமற்ற வயிறு

யுத்த காலத்தில் எங்கள் மயிலாப்பூர் ரேஷன் ஆபீஸ், சூப்பரின்டென்டென்ட் அனந்தராமனின் ஜீரணத்தை அனுசரித்தே நடந்தது. மத்தியானம் போண்டா தின்றால் அவருக்குத் தொண்டைவரை புளித்துக்கொண்டு வரும். அன்று பொதுமக்களுக்குக் கார்டு கிடையாது.

நெஞ்செரிச்சலுக்கென்று புட்டியில் அடைத்த 'சத்து'க்கு மவுசு வந்திருந்த சமயம். அதிமதுரச் சத்து, பப்பாளிச் சத்து, சீரகச் சத்து என்று அவர் மேஜையில் பைல் வைக்க இடமில்லை. ஆனால் உரிய விசாரணையின்றி எதையும் உட்கொள்வது நிர்வாகத்துக்கு உகந்ததல்லவே! என்னைக் கூப்பிட்டார்.

நான் டெம்பரரி குமாஸ்தா. படிப்பு சுமார். ரேஷன் அரிசியைக் கல்லோடு ஜீரணிக்கும் வயிறு ஒன்றுதான் என் யோக்கியதாம்சம்.

"ஓய், உமக்கு நெஞ்செரிச்சல் உண்டோ?"

"இல்லை, சார்" என்றேன் கூச்சத்தோடு.

"பேஷ்! அப்போ நீர்தான் இதையெல்லாம் சாப்பிட்டு ரிப்போர்ட் தரணும். எரிச்சல் இருக்கிறவன் சொன்னா சொந்த விஷயமாயிடும். பாரபட்சமில்லாத வயிறு வேணும்."

"எரிச்சலே இல்லாதவனுக்கு அது குறைஞ்சுதான்னு எப்படி சார் தெரியும்?"

"அரிசியைத் தரம் பார்க்கிறவன் பசியோடயா வரான்? உம்மைப் பெர்மனென்ட் பண்ணச் சிபாரிசு எழுதணும், ஞாபகமிருக்கோ?"

வாயைத் திறந்தேன்.

'மேற்படி சத்தை உட்கொண்டபின் எரிச்சல் காணப்படவில்லை' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்தேன். சத்தியமான வார்த்தை. எல்லாமே தேறிவிட்டதால், எல்லாவற்றையும் கலந்து சாப்பிடலாமா என்ற அடுத்த கேள்வி எழுந்தது. அதற்கும் நான்தான்.

கலந்து சாப்பிட்ட அன்று என் நெஞ்சில் அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. சொன்னால் ரிப்போர்ட் பொய்யாகும், வேலை போகும். பயந்து பயந்து நெஞ்சைத் தடவினேன். பார்த்துவிட்டார்.

"எரியறதோ?"

"ஆமாம், சார்" என்றேன். அழுகை வந்தது.

"போச்சு! இனி உமக்குப் பாரபட்சம் வந்துடும். டெம்பரரி வேலைக்கு லாயக்கில்லை" என்று யோசித்தார். "இங்கே எரிச்சல் உள்ளவா எல்லாரும் பெர்மனென்ட்தான். உம்மையும் பண்ணிட வேண்டியதுதான். உட்காரும், ஏன் நிக்கறீர்?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கோமளம் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். நான் பட்ட எரிச்சலைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள், எங்கள் ஆபீஸிலேயே குமாஸ்தாவான அடுத்த வீட்டு ரகுபதியின் மனைவி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, அந்தச் சத்துல எங்காத்துக்காரருக்குத் துளி குடுங்கோ. நல்ல மனுஷர். இன்னும் எரிச்சலே வராம டெம்பரரியாவே இருக்கார்."